மேட்ச் என்றாலே வாந்தி வருகிறது: ஒரு கபடிப் பெண்ணின் அம்மாவுக்குப் பதில்

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாவதிலிருந்து கபடி ஆடுகிறாள், பள்ளி அணியில் ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள். செப்டம்பரில் திருவாரூரில் நடந்த போட்டியில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது கடைசி ரெய்டுக்கு இவள் போனாள். பிடித்துவிட்டார்கள், அணி தோற்றுவிட்டது. அன்று பைக்கில் வீடு வந்து சேரும்வரை அவள் அப்பா பேசிக்கொண்டே வந்திருக்கிறார். "அறுப்பு மெஷினை வயல்ல நிறுத்திட்டு உன்னைப் பாக்க வந்தேன்" என்றாராம். யாரோ எடுத்த வீடியோ ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது. அதிலிருந்து மேட்ச் உள்ள நாள் காலையில் வாந்தி எடுக்கிறாள், கையெல்லாம் சில்லிட்டுப் போகிறது. பயிற்சியில் நன்றாக ஆடுகிறாள். மேட்ச்சில் மட்டும் "வேற யாரையாச்சும் அனுப்புங்க சார்" என்கிறாள். பி.டி. சார் "மனசுல தைரியம் இல்லம்மா" என்கிறார். அடுத்த வருஷம் பத்தாவது, நிறுத்திவிடு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் மின்னொளிப் போட்டி இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா? எப்படித் தைரியம் கொடுப்பது? இது மனநோயா? நான் ஆட்டம் பார்க்க வருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறாள்.

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

"பயிற்சியில் நன்றாக ஆடுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். திறமை அப்படியே இருக்கிறது, ஆடும் ஆசையும் இருக்கிறது. மேட்ச் அன்று மட்டும் வருவது பயம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மனநோய் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. அதற்காக "தானா சரியாயிடும்" என்று விடவும் முடியாது. பயந்து ஒதுங்குவது பழகிப்போனால் அடுத்த முறை ஒதுங்குவது இன்னும் சுலபமாகிவிடும்.

இப்போது நிறுத்தாதீர்கள். இன்றைக்கு நிறுத்தினால் கபடி என்றவுடன் அவளுக்குக் கடைசியாக நினைவில் நிற்பது அந்த ஒரு ரெய்டுதான். திரும்ப வந்து நாலு மேட்ச் ஆடட்டும். அதன் பிறகு "போதும்மா, எனக்கு வேற பிடிச்சிருக்கு" என்று அவளே சொன்னால் சந்தோஷமாக விடுங்கள். பத்தாவதைக் காரணம் காட்டி நிறுத்தச் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சாயந்தரம் ஒரு மணி நேரம் கிரவுண்டில் ஓடிவிட்டு வருகிற பிள்ளைக்குத் தூக்கமும் பசியும் ஒழுங்காக இருக்கும், அது படிப்புக்கும் நல்லது.

மனதைப் பற்றிப் பேசும் முன் உடம்பை ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். இந்த வயதுப் பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது இருந்தாலே படபடப்பு, மூச்சு வாங்குதல், சோர்வு எல்லாம் வரும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பயம் போலத் தெரியும். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச் சத்து மாத்திரையைப் போடுகிறாளா, பைக்குள் சேர்த்து வைக்கிறாளா என்றும் கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் வலி அதிகமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பி.டி. சாரிடம் அவளால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

சரி, வாந்தி ஏன் வருகிறது? பெரிய காரியம் ஒன்று வருகிறது என்று மூளை நினைத்தால் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கும். ரத்தம் வயிற்றிலிருந்தும் தோலிலிருந்தும் விலகிக் கை கால் தசைகளுக்கு ஓடும். அதனால்தான் கை சில்லிடுகிறது, வயிறு புரட்டுகிறது. ஓடவும் உதறிப் பாயவும் உடம்பு தயாராகும் விதம் இது. நன்றாக ஆடுகிறவர்களுக்கும் இதேதான் நடக்கும். அவர்கள் இதைப் பார்த்து மிரளுவதில்லை. உங்கள் மகளோ காலையில் வயிறு புரட்டியதும் "ஐயோ, இன்னைக்கும் அதே மாதிரி ஆகப்போகுது" என்று நினைக்கிறாள். அந்த நினைப்பில் இன்னும் கொஞ்சம் அட்ரினலின் சுரக்கிறது.

அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பலர் முன்னால் பாடுவது, மேடையில் பேசுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றுக்கு முன் "அமைதியாக இரு" என்று தங்களுக்குச் சொல்லிக்கொண்டவர்களைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அது கபடியில் செய்த ஆய்வு இல்லை. ஆனாலும் அடித்துக்கொள்கிற இதயத்தை அடக்கப் பார்ப்பது வீண் வேலை என்பது விளையாட்டுப் பிள்ளைகளோடு வேலை செய்யும் எனக்கும் தெரிந்ததுதான். "பயப்படாத" என்று சொல்வதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள். "உடம்பு ரெடியாயிடுச்சு போல" என்று சொல்லிப் பழகுங்கள். மேட்ச்சுக்கு மூன்று மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோ கொஞ்சம் கஞ்சியோ கொடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் வற்புறுத்திச் சாப்பிட வைக்காதீர்கள். வாந்தி வந்தாலும் வாயைக் கொப்பளித்துவிட்டு ஆடலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த பகுதியை அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஐயா, குறுவை அறுப்பு நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு மகள் ஆட்டத்தைப் பார்க்க ஓடி வருகிற அப்பா எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மெஷின் வாடகை மணிக்கணக்கில் ஏறும், மழை வந்தால் கதிர் சாய்ந்துவிடும். அதையும் மீறி வந்தீர்கள். அது பாசம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தோற்ற அன்று அதையே நீங்கள் சொல்லிக்காட்டியபோது, உங்கள் மகள் காதில் அது கடன் போல விழுந்திருக்கிறது. திருவாரூரிலிருந்து உங்கள் ஊருக்கு பைக்கில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு உங்கள் முகம் தெரியாது, காற்றில் அவள் பதில் உங்களுக்குக் கேட்காது, இறங்கிப் போகவும் முடியாது. தோற்ற உடனே, அழுகையை அடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தனையையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது மேட்ச்சில் அவள் பயப்படுவது எதிரணிக் கார்னரை, அதாவது ஓரத்தில் நின்று பிடிக்கிறவளை, என்று நான் நினைக்கவில்லை. பிடிபட்டால் திரும்ப அந்த பைக்கில்தான் ஏற வேண்டும் என்பதை நினைத்துப் பயப்படுகிறாள்.

விளையாட்டு ஒதுக்கீடு உங்கள் மனதில் இருக்கலாம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கையிலும் இடம் உண்டு. அதை எதிர்பார்ப்பது தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு பெரியவர்களோடு இருக்கட்டும். 14 வயதுப் பெண் நடுக்கோட்டைத் தாண்டும்போது தன் வேலை, குடும்பத்தின் செலவு, ஊர்ப் பேச்சு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தாண்டினால் கால் எழும்பாது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மேட்ச் முடிந்து மறுநாள் வரை ஆட்டத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். ஜெயித்தாலும் அப்படித்தான், தோற்றாலும் அப்படித்தான். "பசிக்குதா பாப்பா?" என்று கேளுங்கள். வழியில் வண்டியை நிறுத்தி டீயும் வடையும் வாங்கிக் கொடுங்கள். "உன் ஆட்டத்தைப் பாக்க எனக்குப் பிடிச்சிருக்கு" என்று ஒரு தடவை சொன்னால் போதும். அவளாக "அப்பா, அந்த ரெய்டுல நான் என்ன பண்ணியிருக்கணும்?" என்று கேட்டால் தாராளமாகப் பேசுங்கள். இன்னொன்றும் உண்டு. செப்டம்பரில் நடந்ததைப் பற்றி ஒரு நாள் அவளை உட்காரவைத்து, "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிடுங்கள். அப்பா வாயிலிருந்து அது வந்தால் நான் சொல்லித்தரும் எந்தப் பயிற்சியைவிடவும் வேகமாக வேலை செய்யும்.

அம்மா, இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தைரியத்தை நாம் கொடுக்க முடியுமா? ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977-ல் எழுதியது இன்றும் எங்கள் துறைக்கு அடிப்படை. "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை நாலு வழியில் வருகிறது என்றார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் உடம்பும் மனமும் இருக்கும் நிலை. இதில் முதலாவதுதான் வலுவானது. நாம் எல்லோரும் அள்ளி வழங்கும் ஊக்க வார்த்தை தனியாக நின்றால் வலுவில்லாதது. "உன்னால முடியும்" என்று நூறு தடவை சொல்லலாம், அடுத்த ரெய்டில் பிடிபட்டால் அது கரைந்துவிடும். எனவே அவள் கையில் ஆதாரம் சேர வேண்டும்.

அதற்கு ஒரு நோட்டு போதும். பயிற்சி முடிந்து வந்ததும் மூன்று நாலு வரி எழுதட்டும். "இன்று ஐந்து பேர் எதிரில் இருக்கும்போது போய் ஒரு டச் எடுத்தேன்." "இடது கார்னர் என் கணுக்காலைப் பிடித்தாள், உதறி வந்தேன்." இப்படிக் கண்ணால் பார்த்த விஷயமாக இருக்க வேண்டும். "நன்றாக ஆடினேன்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. பிடிபட்டதையும் எழுதட்டும், கூடவே ஏன் பிடிபட்டேன் என்று ஒரு வரி. ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், பிடிபடுவது என்பது ரெய்டரின் வேலையில் தினமும் நடக்கிற ஒன்று என்று அவளுக்கே தெரியும். புரோ கபடி லீக்கில் 1,800-க்கும் மேல் ரெய்டு புள்ளி எடுத்த பர்தீப் நர்வாலும் வெறுங்கையோடு திரும்பிய, பிடிபட்டு வெளியே போய் உட்கார்ந்த ரெய்டுகள் ஏராளம். கபடியின் விதியே அப்படித்தானே இருக்கிறது. அவுட்டாகி உட்கார்ந்தவர், தன் அணி எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால் எழுந்து உள்ளே வரலாம்.

தன்னைப் போன்ற ஒருவரைப் பார்ப்பது என்றேன். அதற்கு உங்கள் பக்கத்திலேயே வடுவூர் இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் கபடி அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். அதே போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். இவர்களைக் காட்டி "அவங்களைப் பாரு, நீயும் இருக்கியே" என்று ஒப்பிட்டுவிடாதீர்கள், அது கெடுதல். என்னைக் கேட்டால் பதக்கம் வாங்கியவர்களைவிட, அவளைவிட ஒன்றிரண்டு வயது பெரிய, பக்கத்து ஊரில் ஆடுகிற ஒரு அக்கா அதிகம் உதவுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா பயிற்சி எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அவள் பிடிபடுவதையும், மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து அடுத்த ரெய்டுக்குப் போவதையும் உங்கள் மகள் பார்க்கட்டும்.

இனி அவளே செய்ய வேண்டியவை. முதலில் மூச்சு. கபடியில் இது வேறு எந்த விளையாட்டையும்விட முக்கியம், ஏனென்றால் மூச்சை விட்டால் அவுட். பதற்றத்தில் இருப்பவர்கள் நெஞ்சுக்கு மேலேயே குட்டிக் குட்டியாக மூச்சு இழுப்பார்கள். அந்த அரை மூச்சோடு பாடிப் போனால் சீக்கிரமே திணறும், 30 விநாடி எங்கே தாங்கும்? திணறல் வந்தவுடன் அவசரம் வரும், அவசரத்தில் திரும்புகிற இடத்தில் பிடித்துவிடுவார்கள். இந்த மழை மாதங்களில் கிரவுண்டு சேறாகக் கிடக்கும்போது இதைப் பழகலாம். ராத்திரி படுக்கப் போகும் முன் ஐந்து நிமிஷம், நாலு எண்ணும்வரை மூச்சை வயிறு நிறைய இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விட வேண்டும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். மேட்ச்சில் கோட்டுக்கு முன் நிற்கும்போது முதலில் இருக்கிற மூச்சை முழுசாக வெளியே விட வேண்டும், அப்புறம் வயிறு நிறைய இழுக்க வேண்டும், பிறகு பாட ஆரம்பிக்க வேண்டும். பலர் வெளியே விடாமலே மேலும் மேலும் இழுப்பார்கள். அதுதான் தப்பு.

அடுத்தது கவனம். பழகிய ஒரு வேலையைச் செய்யும்போது "கால் சரியா வைக்கிறேனா, கை சரியா நீட்டுறேனா" என்று தன் உடம்பையே கவனிக்க ஆரம்பித்தால் வேலை கெட்டுப்போகும். அவள் கண் வெளியே இருக்க வேண்டும். எதிரணியில் ஒருத்தியின் முன்னங்காலை மட்டும் பார்க்கட்டும். அந்தக் கால் நகர்வதை வைத்து அவள் உடம்பு தானாக முடிவெடுக்கும், இத்தனை வருஷம் ஆடிய உடம்பு அது. கோட்டருகே எப்போதும் ஒரே மாதிரி செய்ய ஒரு சின்ன வரிசை வைத்துக்கொள்ளட்டும்: மண்ணைத் தொட்டுக் கையைத் துடைப்பது, மூச்சை விட்டு இழுப்பது, ஒரு காலைக் குறிவைப்பது, கிளம்புவது. பயிற்சியிலும் ஒவ்வொரு ரெய்டுக்கும் இதையே செய்தால்தான் மேட்ச்சில் கைகொடுக்கும்.

வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகளுக்கு இதில்தான் பெரிய காயம் என்று நினைக்கிறேன். முதலில் அந்த குரூப்பில் போட்டவரிடம் நேரில் பேசி எடுக்கச் சொல்லுங்கள். சின்னப் பெண்ணின் தோல்வியைச் சுற்றுக்கு விடுவது சரியில்லை என்று நாலு பெரியவர்கள் சொன்னால் கேட்பார்கள். அதற்கு மேல் நாளைக்கும் யாராவது போனைத் தூக்கத்தான் செய்வார்கள், அதைத் தடுக்க முடியாது. எனவே போனுக்கு முன் ஆடிப் பழக வேண்டும். சியான் பீலாக், தாமஸ் கார் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் பயிற்சியை, வீடியோ எடுக்கப்படுகிறது என்று தெரிந்தே செய்து பழகியவர்கள், பிறகு அழுத்தம் வந்தபோதும் சொதப்பவில்லை. இதை அப்படியே கபடிக்கு எடுத்துக்கொள்ளலாம். பயிற்சியில் அவள் தோழி ஒருத்தி போனில் எடுக்கட்டும், யாருக்கும் அனுப்பாமல் அவர்களே பார்த்துவிட்டு அழிக்கட்டும். கொஞ்சம் பழகியதும் தோழிகள் சுற்றி நின்று கத்தட்டும். ஒருத்தி மின்னொளிப் போட்டி அறிவிப்பாளர் மாதிரி பேர் சொல்லிக் கூவட்டும். சிரிப்பாகத்தான் ஆரம்பிக்கும். சிரித்துக்கொண்டே பழகினாலும் பழக்கம்தான்.

பி.டி. சாரிடம் நீங்களோ அவள் அப்பாவோ போய்ப் பேச வேண்டும். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் "தைரியம் இல்ல" என்பது பிள்ளைகள் மேல் ஒட்டிக்கொள்கிற பேச்சு. இரண்டு வேண்டுகோள் வையுங்கள். ஒன்று, மற்றவர்கள் முன் அப்படிச் சொல்ல வேண்டாம். இரண்டு, கொஞ்ச நாளைக்கு அவளை ஆட்டத்தின் ஆரம்பத்தில் ரெய்டுக்கு அனுப்பட்டும். ஸ்கோர் பூஜ்யமாக இருக்கும்போது பிடிபட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. அப்படி இரண்டு மூன்று மேட்ச் போகட்டும், பிறகு நடுவில் டூ ஆர் டை ரெய்டு (புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட்) ஒன்று. கடைசி நிமிஷ ரெய்டுக்கு அவளே "நான் போறேன் சார்" என்று கேட்கும்வரை காத்திருக்கட்டும். மனப்பயிற்சி எல்லாம் பலவீனமானவர்களுக்கு என்று சார் நினைத்தால், குகேஷைச் சொல்லுங்கள். 2024-ல் சிங்கப்பூரில் நடந்த உலக செஸ் சாம்பியன் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார், 12-வது ஆட்டத்திலும் தோற்றார், 14-வது ஆட்டத்தில் ஜெயித்து 18 வயதில் பட்டம் வாங்கினார். அந்தப் போட்டிக்கு அவர் பேடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளரோடு தயாரானார்.

பொங்கல் மின்னொளிப் போட்டிக்கு இந்த வருஷம் அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து. ராத்திரி நேரம், கூட்டம், மைக், பரிசுப் பணம் என்று எல்லா அழுத்தமும் ஒரே இடத்தில் இருக்கும். அதற்கு முன் பள்ளிக்குள்ளேயோ பக்கத்துப் பள்ளியோடோ நட்பு ஆட்டம் இரண்டு ஆடட்டும். அவை நன்றாகப் போய், அவளே ஆசைப்பட்டால் அனுப்புங்கள். இல்லையென்றால் அந்த ராத்திரி பார்வையாளராகப் போய் உட்காரட்டும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனம் ஒத்துழைக்கவில்லை என்று பாதியிலேயே பல போட்டிகளிலிருந்து விலகினார். 2024 பாரிஸில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி வாங்கினார். ஒரு போட்டியை விடுவதால் எதுவும் முடிந்துவிடாது.

ஒரு விஷயத்தைத் தயங்காமல் கேட்டுவிடுங்கள். திடீரென்று போட்டிக்குப் போக மறுக்கிற பிள்ளையிடம், "அங்க யாராவது உன்கிட்ட தப்பா நடந்துக்கிறாங்களா, தப்பா பேசுறாங்களா?" என்று தனியாக, நிதானமாகக் கேட்பது அம்மாவின் கடமை. உங்கள் கடிதத்தில் அப்படி எந்த அறிகுறியும் இல்லை. ஆனாலும் கேளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே கூப்பிடுங்கள்.

மேட்ச் இல்லாத நாட்களிலும் வாந்தி, தூக்கமின்மை, பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது, பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமல் இருப்பது என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். திருவாரூர், தஞ்சாவூர் இரண்டு ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழில் பேசலாம். "செத்துடலாம் போல இருக்கு" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

கடைசியாக, நீங்கள் பார்க்க வரக் கூடாது என்கிறாள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்களை அவள் ஒதுக்குகிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பார்க்கும்போது பிடிபட்டுவிட்டால் உங்கள் முகம் வாடுமே என்று பயப்படுகிறாள். அவள் வேண்டாம் என்றால் அடுத்த ஒன்றிரண்டு மேட்ச்சுக்குப் போகாதீர்கள். அவள் திரும்பி வந்ததும் ஸ்கோரைக் கேட்காமல் சாப்பாடு போடுங்கள். பிறகு ஒரு நாள், "நான் வந்தா எங்க நிக்கட்டும், கத்தணுமா சும்மா இருக்கணுமா?" என்று அவளையே கேளுங்கள். அவள் சொல்கிற இடத்தில் நில்லுங்கள். அப்பா வந்தாலும் அதே ஏற்பாடுதான், ஓரத்தில் நின்று "ஏறிப் பாடு, திரும்பு" என்று சொல்லித்தருவது அவர் வேலை இல்லை, அதற்கு சார் இருக்கிறார்.